வயிறு காலிதானே?

முழு மயக்கம் குடுத்தால்தான் வாயைத் திறப்பேன் என்று பக்தவச்சலம் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். கடைசிக் கடைவாய்ப்பல் எலும்புக்குள்ளேயே படுத்துக்கொண்டு உயிரை வாங்கியது. ஆனால் பல் பிடுங்குகிற இடுக்கியைப் பார்த்தாலே மனுஷனுக்குக் கைகால் உதறும். திருத்தணி பல் டாக்டர் எவாஞ்சலின், அவர் மனைவி பத்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். சரி, தூங்க வைத்தே எடுத்துவிடலாம் என்றாள். நாள் குறித்தது மட்டும் பத்மா. கிருத்திகையன்றே வைத்துக்கொள்ளலாம், எப்படியும் அவர் விரதம்தானே என்றாள்.

விரதமாம் விரதம்! மாசா மாசம் கிருத்திகை வந்தால் பக்தவச்சலத்துக்குக் கொண்டாட்டம். பட்டினி கிடக்கிற புருஷனுக்கு வீட்டில் ஒரு வேலை கிடையாது. சாயங்காலம் வடை பாயசத்தோடு இலை. பத்மா ஒருதரம் பசி தாங்காமல் காபி குடித்ததற்கு ஒரு வாரம் பிரசங்கம் பண்ணியவர் இவர். ஆனால் "மலை ஏறி சாமி கும்டுகினு வந்துடறேன்" என்று விடியலில் கிளம்புகிறவர், ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலைத் தாண்டியதே இல்லை. அன்றைக்கும் தாண்டவில்லை. பல் வலிக்கிறதே என்று இட்லியை வடகறியில் ஊறவைத்து விழுங்கிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நாற்காலியில் சாய்ந்ததும் எவாஞ்சலின் கேட்டாள். "வயிறு காலிதானே அண்ணே?"

"சுத்தமா காலி."

பக்கத்தில் பத்மா நின்றாள். வேறென்ன சொல்வார், பாவம்?

எவாஞ்சலின் நிதானமாக விளக்கினாள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்றாள். பக்தவச்சலத்துக்குக் குப்பென்று வியர்த்தது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும்.

"தண்ணி குடிச்சேம்மா."

"வெறும் தண்ணியா?"

"காபித் தண்ணி."

பத்மா நாற்காலிக்கு இன்னும் ஓரடி கிட்டே வந்து நின்றாள்.

"கூட வேற எதனா?" என்றாள் எவாஞ்சலின்.

"ரெண்டு இட்லி. அப்புறம் ஒரு ரெண்டு. வடகறி நான் கேக்கலம்மா, அவனா ஊத்திட்டான்."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தே இறங்கினார். மயக்க ஊசி போடுகிற டாக்டர் எங்கே, முதலில் அவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பதறினார்.

எவாஞ்சலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு பத்மாவைப் பார்த்தாள். பத்மா நிதானமாகக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"மயக்க டாக்டர் நாளைக்குத்தாங்க வருவாரு. இன்னைக்கு வெறும் விசாரணைதான்."