பால்புட்டிகளுக்கு நாடா கட்டிய கதை

குழந்தைக்குப் பசித்தால் அழும், அழுதால் பால் கொடுக்கவேண்டும் என்று ஒரு தவறான நம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. இதை உடனே திருத்திக்கொள்வது நல்லது. பசிக்கும் பாலுக்கும் நடுவில் புட்டி என்று ஒன்று இருக்கிறது. புட்டி தேர்வாக வேண்டும். தேர்வான புட்டி அங்கீகரிக்கப்பட வேண்டும். அங்கீகரித்த புட்டி பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகும் ஒரு குழந்தை அழுகிறது என்றால், வளர்ப்பு சரியில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

பசிபிக் தீவுநாடான சமோவாவின் தென்கரையில், மாதாலுவா கிராமத்தில் இருந்த பெசமினோவுக்கு இந்த ஞானம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மனைவி சினிவா தலைநகர் ஆப்பியாவில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பிரசவ விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அவள் நாற்காலியில் அவள் உட்காராவிட்டால் வேறொருவர் உட்காருவார் என்று மேலாளர் மிகுந்த அன்போடு சொல்லியிருக்கிறார். சேப்பங்கிழங்குத் தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால், குழந்தையைப் பெசமினோ பார்த்துக்கொள்வான். அதற்குள் மகள் புட்டியில் குடிக்கப் பழகிவிட வேண்டும்.

"கடையில போய் ஒரு புட்டி வாங்கிட்டு வா, பெசா. அஞ்சு நிமிஷ வேலை," என்றாள் சினிவா.

"அக்காங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கறேன்."

"புட்டிக்குமா?"

"நாளைக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாங்க."

சமோவாவில் தம்பி என்பவன் அக்காவுக்குக் கட்டுப்பட்டவன். அவளிடம் சொல்லாமல் கூரையில் ஓர் ஓலையை மாற்றினாலும் அது ஒழுகும். பெசமினோவுக்கு மூன்று அக்காக்கள். ஒருத்தி ஆக்லாந்தில், ஒருத்தி சிட்னியில், ஒருத்தி ஹொனலூலூவில். மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "கடைப் புட்டியா? நான் செத்தா போயிட்டேன்?"

மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. ஆக்லாந்து அக்கா அனுப்பிய புட்டிகளுக்குக் கழுத்து ஒருபக்கம் வளைந்திருந்தது; வயிற்றில் காற்றுச் சேராதாம். சிட்னி அக்காவுடையவை கண்ணாடி. மேலே சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தன. ஹொனலூலூப் புட்டிகள் பாலின் சூட்டுக்குத் தகுந்தாற்போல் நிறம் மாறின. ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு புட்டிகள். எல்லாவற்றிலும் சிரிக்கும் குழந்தையின் படம். பெசமினோ வீட்டில் சிரிக்காத குழந்தை அவன் மகள் ஒருத்திதான்.

அவன் கைக்கு வந்த புட்டி ஒன்றைத் திறந்து கழுவப் போனான். தொலைபேசி அடித்தது.

"தம்பி, எதுல முதல்ல குடுக்கப் போறே?" ஆக்லாந்து.

"எது கைக்கு வருதோ..."

"கைக்கு வருதா? நான்தாண்டா மூத்தவ."

அவர் வைத்ததும் சிட்னி. "மூத்தவன்னா ஆச்சா? உன் கல்யாணத்துக்குப் பன்றி வாங்கப் பணம் அனுப்பினது யாரு?"

ஹொனலூலூ அக்கா எதையும் கேட்கவில்லை. "ரொம்ப தூரத்துல இருக்கிறவளை மறக்கறது மனுஷ சுபாவம்தானே, தம்பி," என்று சொல்லி அழ மட்டும் செய்தார். பெசமினோ புட்டியைப் பழையபடி பெட்டிக்குள் வைத்தான்.

விஷயம் மாதர் சங்கத்துக்குப் போயிற்று. மாதாலுவாவில் இதற்கு மேல் ஒரு நீதிமன்றம் இல்லை. மாதந்தோறும் சங்கம் வீடு வீடாக வந்து ஆய்வு நடத்தும். பாய், விரிப்பு, கொசுவலை, ஆறு தட்டு, ஆறு கிண்ணம் எல்லாம் புதுக்கருக்கு மாறாமல் பரப்பி வைத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டின் மீன் வாங்கி அபராதம் கட்டவேண்டும். தினசரி புழங்குகிற தட்டும் கிண்ணமும் அன்று காலையிலேயே வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் போய்விடும். சங்கத்தாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் வாழை உண்டு.

தலைவி மத்தலேனா, போதகரின் மனைவி. பெசமினோவின் வீட்டுக்கு வெள்ளை உடையில் வந்து அமர்ந்து, பதினெட்டுப் புட்டிகளையும் பாயில் அடுக்கச் சொன்னார். பக்கத்தில் அவருடைய மருமகள் லகி தன் ஆண் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே, சபைகளில் கிராமத்தின் சார்பில் பேசும் பேச்சாளர் துயிலோமா, பதவிச் சின்னமான ஈவிரட்டியைத் தோளில் போட்டபடி எழுந்து நின்றார். தூணில் சாய்த்து வைத்த மூன்று தொலைபேசிகளில் மூன்று அக்காக்கள்.

துயிலோமா முதலில் கடலை வாழ்த்தினார். பிறகு புட்டிகள் கடந்துவந்த கடல்களைத் தனித்தனியாக வாழ்த்தினார். அவர் ஹொனலூலூவை எட்டியபோது பெசமினோவின் மகள் வீறிட்டாள்.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்றார் துயிலோமா, குறுக்கீட்டை விரும்பாமல்.

"பசிக்குதுன்னு சொல்லுது, ஐயா," என்றாள் சினிவா.

"பேசி முடிச்சிடறேன். உரையை நடுவுல விட்டா புட்டிக்கு மரியாதை இல்லை."

சினிவா குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் பாலூட்டினாள். சபை இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பு மாலையில் வந்தது. மூத்தவளின் புட்டியில் முதலில் கொடுத்தால் மற்ற இருவருக்கும் அவமானம். இளையவளின் புட்டியில் கொடுத்தால் மூத்தவளுக்கு அவமானம். நடுவில் உள்ளவளுடையதில் கொடுத்தால் இருபக்கமும் அவமானம். ஆகவே எந்தப் புட்டியும் முதல் புட்டியாகக் கூடாது.

"அப்ப ரெண்டாவது புட்டியிலேருந்து ஆரம்பிக்கலாமா, ஐயா?" என்று பெசமினோ நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான்.

"முதல் இல்லாம ரெண்டாவது எப்படிடா வரும்? பள்ளிக்கூடம் போனியா இல்லையா?"

மூன்று தொலைபேசிகளிலும் மூன்று அக்காக்களும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். மத்தலேனா தம் கையாலேயே ஒவ்வொரு புட்டியின் மூடியிலும் நீல நாடா கட்டி முடிச்சுப் போட்டார். முடிச்சு அவிழ்ந்தால் அபராதம். அலமாரியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவை மிக அழகாக இருந்தன. அந்த அழகுதான் ஊரைக் கெடுத்தது. இனி ஒவ்வொரு வீட்டிலும் ஆறு பால்புட்டிகள் ஆய்வுக்கு இருக்க வேண்டும் என்று சங்கம் அன்றே தீர்மானித்தது.

"எங்க வீட்டுல கடைசிப் பிள்ளை ரக்பி ஆடறான், அம்மா," என்றாள் ஒருத்தி.

"ஆடட்டும். அதுக்காக உன் வீடு சுத்தமில்லாம இருக்கலாமா?"

மறுநாள் பெசமினோ, சினிவா முதலிலேயே சொன்னபடி, கடைக்குப் போனான். அக்காக்கள் கண்ணில் படாத ஏதோ ஒரு புட்டி போதும் என்று நினைத்தான்.

"புட்டியா?" என்றார் கடைக்காரர் சியாவ். "காலையிலேயே காலி. துயிலோமா ஐயா பன்னிரண்டு வாங்கிட்டுப் போனார்."

"அவருக்குக் கல்யாணமே ஆகலையே."

"பேச்சாளர் வீட்டுல ஆறு மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? ஆப்பியாவுக்கும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கிராமத்துச் சங்கமும் நம்மளைப் பார்த்து ஆரம்பிச்சிடுச்சாம். அடுத்த கப்பல்ல வரும்."

"கப்பல் எப்ப?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம்."

மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸ், கிண்ணத்திலேயே மெல்லப் புகட்டலாம், குழந்தைக்கு அது இன்னும் நல்லது என்றார். பெசமினோ ஓடோடி வந்து மத்தலேனாவிடம் அனுமதி கேட்டான்.

"எந்தக் கிண்ணம்?" என்றார் மத்தலேனா.

"வீட்டுல இருக்கிற கிண்ணம்தான், அம்மா."

"ஆய்வுக்கு வச்ச ஆறுல ஒண்ணா? தொட்டா அஞ்சு ஆயிடும்."

"அது இல்லைம்மா. நாங்க தினமும் டீ குடிப்போமே, அந்த நசுங்கின கிண்ணம்."

மத்தலேனா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன ஆய்வுல உன் வீட்டுக்கு வந்தேனே. அப்படி ஒரு கிண்ணத்தை நான் பார்க்கலியே?"

"வாழைக்குப் பின்னால இருந்தது, அம்மா."

"ஏண்டா, இல்லாத கிண்ணத்துல பச்சைப் பிள்ளைக்குப் பால் குடுப்பேன்னு என்கிட்டயே வந்து சொல்றியே. நாளைக்கு ஆக்லாந்துல என்ன பேசுவாங்க? மாதாலுவாவுல புட்டிக்குப் பஞ்சம்னுதானே?"

பெசமினோ வீட்டுக்குத் திரும்பினான். தர்க்கத்தில் எந்த ஓட்டையும் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் நாடாவின் ஒரு முடிச்சில் விரலை வைத்தான். சினிவா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவிழ்த்துடு, பெசா. அபராதம் கட்டிக்கலாம்."

"அபராதம் பரவாயில்லை. மூணு அக்கா இருக்காங்களே."

"எனக்கு இருக்கிறது ஒரு வேலைதான்."

 எந்த அக்காவின் புட்டி அது என்று அவன் திருப்பிப் பார்த்தான். பிறகு விரலை எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வெளியே வரும்போது மத்தலேனா சினிவாவின் கையை வாஞ்சையோடு பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வேலைக்குப் போகலியாமே, மகளே? பிள்ளைதான் முக்கியம். நல்ல தாய் நீ. அந்த மேலாளர் பேர் என்ன சொன்னே?"

அடுத்த ஆய்வில் பெசமினோவின் வீடு முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் துயிலோமாவுக்கு. போதகர் வீட்டில் இருபத்துநான்கு புட்டிகள் இருந்தாலும், தலைவி என்பதால் மத்தலேனா பெருந்தன்மையோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

மத்தலேனாவின் மருமகள் லகி இப்போது காலை பஸ்ஸில் ஆப்பியாவுக்கு, வங்கியில் சினிவா உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு, வேலைக்குப் போகிறாள். போதகர் வீட்டுப் புட்டிகளிலும் நாடா கட்டியிருப்பதால், அவள் மகனை மத்தலேனா தினமும் சினிவாவிடம் கொண்டுவந்து விடுகிறார். சினிவா இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பெசமினோ அலமாரியில் உள்ள புட்டிகளைத் தூசி தட்டுகிறான்.