மேல் வரிசையைத் துடைத்தது நான்தான்

அருமை மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, மொட்டை மாடியில் இருக்கும் பன்னிரண்டு கண்ணாடிகள் ஆக மொத்தம் பதினான்கு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்பது என் கடமை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே "ரீடிங் மட்டும் சொல்லுங்கப்பா, வேலை கெடக்கு" என்கிறாய். மீறிச் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு அந்தப் பார்வை வேண்டாம். அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "தொண்ணூத்தி மூணு நாள் ரீடிங்கையும் பாத்துட்டேம்பா. நான் பூச்சு போட்ட கண்ணாடிக்கும் சாதா கண்ணாடிக்கும் வித்தியாசமே இல்ல. வியாழக்கிழமை கூட்டத்துல இது வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு ஆராய்ச்சிய விட்டுடறேன். டைல்ஸ் கம்பெனில கூப்பிடறாங்க" என்று எழுதியிருக்கிறாய். ஏம்மா, நாலரை வருஷம்! உலை பக்கத்திலேயே நின்று நின்று புருவம் பொசுங்கிப்போய் வந்து நின்றாயே, அந்த நாலரை வருஷம்! சூரிய மின்தகட்டின் மேல் தூசி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, மின்சாரம் குறையும், தண்ணீர் ஊற்றி ஆள் வைத்துத் துடைத்து மாளாது, என் பூச்சைப் போட்டால் விடியற்காலைப் பனி ஈரமே தூசியை வழித்துக்கொண்டு போய்விடும் என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இப்போது அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு யார் வீட்டுக் குளியலறைத் தளத்துக்கோ மினுமினுப்பு ஏற்றப் போகிறாயா? போகாதே. ஏன் போகக் கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த மூன்று மாதத்தில் இந்த வீட்டில் நான் பட்ட பாட்டையும் நீ கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உன் அம்மா. "இருக்கறதுலயே நல்லா தூசி படியற இடம் வேணும்பா, நம்ம மொட்டை மாடிதான் சரி" என்று நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டு, சட்டத்தில் கண்ணாடிகளை மாட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாய். அனுபவித்தது நான். "முப்பது வருஷமா தெனம் ரெண்டு வேளை பெருக்கறேன். என் வீடு தூசியாம்! உலகத்துக்கே சொல்லப்போறாளாம்! ஒங்க பொண்ணுதானே, ஒங்க வாய்தானே வரும்?" என்று முதல் வாரம் முழுக்க எனக்குப் பேச்சு விழுந்தது. நான் எப்போது தூசி என்றேன்? என் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. கண்ணாடிக் கடையில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்தவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்து, அவர் யார் என்றே தெரியாமல் திரும்பி வந்தவன். இப்பேர்ப்பட்டவனைக் கூப்பிட்டு, "இதுல தூசி படியும், படியட்டும், பாத்துக்கிட்டு சும்மா இருங்க, கை மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாயே, உனக்கே இது நியாயமாக இருக்கிறதா?

சரி, ஒப்புக்கொண்டேன். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, செருப்பையும் மீறிக் கால் சுடுகிற வெயிலில், நீ கொடுத்த மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வெறும் வெயிலை நூறு என்று வைத்து, ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடியில் மீட்டரின் சின்ன வில்லையைச் செருகி, எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்று எழுதினேன். மேல் வரிசை ஆறும் நீ பூச்சு போட்டது, கீழ் வரிசை ஆறும் சாதா. ஒரு நாள் தவறவில்லை. தலை சுற்றிய நாளில்கூட ஏறினேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டில் தளம் போட ஆரம்பித்தார்கள். கல் அறுக்கிற மெஷின் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது. மாவு மாதிரி வெள்ளைத் தூசி கிளம்பி நேராக நம் மாடிக்குத்தான் வரும். உனக்குப் போன் போட்டு வருத்தத்தோடு சொன்னேன். நீயோ "சூப்பர்ப்பா! அப்படியே விடுங்க!" என்று குதித்தாய். அடுத்த நாள் அந்த மேஸ்திரி, பாவம், நல்ல மனுஷன், சுவர் ஓரமாக வந்து நின்று, "ஐயா, நீங்க தெனம் மத்தியானம் வந்து இந்தக் கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. எங்களால தொந்தரவுன்னு நினைக்கறேன். படுதா கட்டிடட்டுமா?" என்றார். நான் பதறிப்போய், "வேணாம், வேணாம், கட்டாதீங்க. எங்களுக்குத் தூசி வேணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தூசியா?" "ஆமா, நல்ல தூசியா வேணும். முடிஞ்சா கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி அறுங்க." அவர் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. உன் அம்மாவிடம் தனியாக, "வீட்டுக்காரருக்கு எத்தன நாளா இப்படி?" என்று விசாரித்தாராம். அவளும் விடுவாளா, "கல்யாணமானதுலேர்ந்து" என்று சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். எட்டாம் நாள் வந்தது வினை. மேல் வரிசையில் மூன்றாவது கண்ணாடியில், நட்ட நடுவில், ஒரு புறா தன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. அலறிக்கொண்டு உனக்குப் போன் செய்தேன். "விடுங்கப்பா, அதுவும் டேட்டாதான்" என்றாய். எச்சம் டேட்டாவாம்! நீ ராத்திரி பகலாக உலையில் வைத்து எடுத்த கண்ணாடி, அதன் மேல் எச்சம், அதை நான் பன்னிரண்டு மணிக்கு அளந்து எழுத வேண்டுமாம். எழுதினேன். மறுநாள் விடிந்ததும் கால் தானாக மாடி ஏறியது. என் பழைய கடைத் துணி, மான் தோல் மாதிரி மெத்தென்று இருக்குமே, அது சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. வாயால் "ஹா" என்று ஊதினேன். ஒரு துடை. அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். ஒரு துடையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மூன்றாவது பளிச்சென்று ஆனதும் பக்கத்தில் இரண்டாவது மங்கலாகத் தெரிந்தது. அதையும் துடைத்தேன். அப்புறம் மற்ற நாலு பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? ஆறையும் துடைத்தேன். ஒன்பதாம் நாளிலிருந்து நேற்றுக் காலை வரைக்கும், உன் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால், ஒரு நாள் விடாமல் மேல் வரிசையை மட்டும் துடைத்தேன். ஏன் மேல் வரிசை மட்டும் என்று கேட்பாய். அதுதான் உன்னுடையது. கீழ் வரிசை கடையில் வாங்கியது, அது யார் பெற்ற பிள்ளையோ. உன் கண்ணாடி தோற்றுப்போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் கைகொடுத்தால் என்ன என்று நினைத்தேன். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ஜன்னல் வழியாக விடை சொல்லும் அப்பன்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான். நானே ஜன்னலில் ஏறி நின்றிருக்கிறேன்.

இதில் என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? இத்தனை செய்தும் ஜெயிக்கவில்லை! நான் ஊதி ஊதித் துடைத்த மேல் வரிசை எண்பத்தொன்பது காட்டுகிறது. யாரும் சீண்டாத கீழ் வரிசை, அந்தச் சாதாக் கண்ணாடி, தொண்ணூறு தொண்ணூற்றொன்று என்று குளித்துவிட்டு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி மினுக்குகிறது. இது என்ன அநியாயம்? "தலைமுடில ஆயிரத்துல ஒரு பங்கு தடிமன்தாம்பா, தேய்ச்சா போயிடும்" என்று உன் பூச்சைப் பற்றி நீ சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் தேய்த்தே அதைக் கொன்றிருக்கிறேன் என்று நினைக்கிறேன். உன் கண்ணாடி மேல் குற்றமில்லை அம்மா. குற்றம் என் கை மேல். அதனால்தான் சொல்கிறேன், வியாழக்கிழமை எழுந்து நின்று பூச்சு வேலைக்கு ஆகாது என்று சொல்லாதே. "எங்கப்பா கெடுத்துட்டார், இந்த ரீடிங் எதுவும் செல்லாது, இன்னொரு தடவ செய்யறேன்" என்று சொல். உன் பேராசிரியர் திட்டினால் என் நம்பரைக் கொடு. என்னைத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் வீணாக்கியதற்கு நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, அந்த டைல்ஸ் கம்பெனிக்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதே. இனிமேல் கண்ணாடி இருக்கும் திசைப் பக்கமே நான் போக மாட்டேன். துணியைக் கொளுத்திவிட்டேன். (இல்லை. கொளுத்த மனசு வரவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை.)

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நான் தொட்டது எதுவும் உன் வழியில் குறுக்கே வரக் கூடாது என்று உன்னை மனசார வாழ்த்துகிறேன். தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்துவிட்டாள். அந்தப் பார்வை பார்க்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஆரம்பித்ததே இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் நான் பல் பிடுங்கப் போயிருந்தேன் அல்லவா? அப்போது பெரிய காற்று அடித்திருக்கிறது. சட்டம் ஆடுவதைப் பார்த்துப் பயந்துபோய், கண்ணாடிகளை எல்லாம் கழற்றி நடுநடுவே துணி வைத்து அடுக்கியிருக்கிறாள். "மேல் வரிசைய மொதல்ல எடுத்து அடுக்கினேன். அதுக்கு மேல கீழ் வரிசைய அடுக்கினேன். காத்து நின்னதும் மேலாப்புல இருந்து ஒண்ணொண்ணா எடுத்து மேல் வரிசைலேர்ந்து மாட்டிக்கிட்டே வந்துட்டேன். எல்லாம் கண்ணாடிதானேங்க! தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாளே, அதான் வாயத் தெறக்கல" என்கிறாள். புரிகிறதா? கடைசியாக எடுத்தது அடுக்கில் மேலே இருக்கும். அது கீழ் வரிசை. அதைத்தான் முதலில் மேலே மாட்டியிருக்கிறாள்.

நான் கேட்ட கையோடு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். உன் கண்ணாடி ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசியால் ஒரு சின்ன சிலுவைக் கோடு கீறியிருப்பதாகச் சொன்னாயே, ஆறும் கீழ் வரிசையில் இருக்கின்றன அம்மா! கீழ் வரிசையில்! மேல் வரிசையில் ஒன்றிலும் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். உன் அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு உருப்பெருக்கியை நீட்டினேன், அவர் வரவில்லை.

ஆக, எண்பத்தைந்து நாளாக நான் யார் பெற்ற பிள்ளைக்கோ முகம் துடைத்துவிட்டிருக்கிறேன். உன்னுடையவற்றை யாரும் ஊதவில்லை, துடைக்கவில்லை, ஏனென்று கேட்கவில்லை. கல் தூசியையும் பனியையும் வைத்துக்கொண்டு அவை பாட்டுக்குக் கிடந்தன. முப்பத்துநாலு வருஷம் கண்ணாடி துடைத்த கை அம்மா இது. ஊரில் இதைவிட நன்றாகத் துடைக்கிற கை கிடையாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வியாழக்கிழமை எழுந்து நில். எதையும் மறைக்காதே. அப்பா கை வைத்ததையும் சொல், அம்மா மாற்றி மாட்டியதையும் சொல். எங்களுக்கு மானம் போனால் போகட்டும். சொல்லிவிட்டு, அந்தக் கை தினமும் துடைத்தது எண்பத்தொன்பது, யாருமே தொடாத என்னுடையது தொண்ணூற்றொன்று என்று சத்தமாகப் படி.