எறங்கும் பாவா 'ஏறும்' என்ற நாள்

கம்பி, சிமெண்ட், மரம் விலையெல்லாம் ஏன் ஏறுகிறது என்று டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். டாலர் என்கிறார்கள், டீசல் என்கிறார்கள், கடலில் கப்பல் நிற்கிறது என்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனாலும் அடித்துச் சொல்கிறேன்: பதினோரு வருடமாக இந்த நாட்டில் கட்டுமானச் சாமான் விலை ஏறியதற்கு ஒரே காரணம், திருத்தணியில் ஒரு மனிதர் தினமும் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்து "எறங்கும்" என்று சொன்னதுதான்.

என் கடை என்றால் சும்மா கடை இல்லை. அரக்கோணம் ரோட்டில் லாரியிலிருந்து மரம் இறக்கும் கூலியாக ஆரம்பித்தவன் நான். இன்று அதே ரோட்டில் மரவாடி, பக்கத்திலேயே ஹார்டுவேர், மேலே மூன்று மாடி. என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கட்டையைக் கையில் கொடுங்கள். தேக்கா, வேம்பா, கப்பலில் வந்த வெளிநாட்டு மரமா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒருவர் கவிழ்த்தார் என்றால் அவர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியுமா?

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டி, தறியை விற்ற காசில் இங்கே ஒரு மனை வாங்கிக் குடிவந்தவர். கண்டக்டர், பூக்காரர், போலீஸ்காரர், யாரைப் பார்த்தாலும், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல, "பாவா" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எந்தச் சாமானைக் காட்டினாலும் "இப்ப வாங்காத பாவா, எறங்கும்" என்பார். அதனால் எறங்கும் பாவா.

மனையில் அஸ்திவாரம் போட்ட வாரமே செங்கல் விலை ஏறியது. "எறங்கட்டும்" என்று வேலையை நிறுத்தினார். செங்கல் கொஞ்சம் தணிந்தபோது கம்பி ஏறியது. கம்பி படுத்தபோது மணல் கிடைக்கவில்லை. எம்-சாண்ட் வந்தபோது கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு சூளைக்காரன் கல் அறுப்பதை நிறுத்திவிடுவான். அஸ்திவாரத்தில் எருக்கஞ்செடி முளைத்து மரம்போல வளர்ந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ வேண்டும் என்றால் எங்கள் தெருவில் கடைக்குப் போக மாட்டார்கள். பாவா வீட்டு ஹாலுக்குப் போய்ப் பறித்துக்கொள்வார்கள்.

அவர் தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு விரற்கடைக் கம்பி, தேக்குத் துண்டு, உடைந்த செங்கல், மாத்திரை டப்பாவில் ஒரு பிடி மணல். பார்க்கிற லாரி டிரைவரிடமெல்லாம் விலை விசாரிப்பார். மலைக்கோயிலில் தீபாராதனை நேரத்தில் ஊரே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், இவர் மட்டும் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஒருநாள் அர்ச்சகர் கேட்டேவிட்டார்.

"இன்னாங்க தட்றீங்க?"

"நல்ல மரங்க சாமி. அந்தக் காலத்துல எறங்கின நேரமா பாத்து வாங்கிட்டாங்க போல."

முதலில் நானும் சிரித்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கம்பி இறங்கும் என்றால் எண்ணி எட்டு நாளில் கம்பி ஏறும். தேக்கு இறங்கும் என்றால் துறைமுகத்தில் மரம் சிக்கிக்கொள்ளும். சாமி வாக்குகூடச் சமயத்தில் தவறும், பாவா வாக்கு ஒருமுறைகூடத் தலைகீழாகாமல் இருந்ததில்லை. அதற்கப்புறம் நான் விடுவேனா? அவர் "எறங்கும்" என்று சொல்லி டீ குடித்து முடிப்பதற்குள் நான் சென்னைக்குப் போன் போட்டு இரண்டு லோடு சொல்லிவிடுவேன். எதிர்க்கடை சிமெண்ட்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். காலையில் பாவா போனதும் ரோட்டைத் தாண்டி ஓடி வருவார். "அண்ணாத்தே, இன்னிக்கு எது எறங்குதாம்?"

டீ செலவைத் தவிர எங்களுக்கு வேறு முதலீடு இல்லை. என் மூன்றாவது மாடி இப்படி எழும்பியதுதான்.

இதை நான் வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில், பாவாவின் மனைவி ரத்தினம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல், பக்கத்து இலைக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்: "பாவா வாயைத் தொறந்தா போதும்ங்க, நான் தலைகீழா செய்வேன். அந்த ஆளு வாயாலதான் மாடியே கட்டினேன்." பந்தி முழுக்கச் சிரித்தது. ரத்தினம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள்.

அந்த அம்மாள் பாவா பின்னால் ஆறு வாடகை வீடு மாறியவள். ஆறாவது வீட்டுக்காரரும் தை மாசத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். "ஏழாவது வாடகை வூட்டுக்கு நான் வரமாட்டேன். தைக்குள்ள சொந்த வூடு இல்லன்னா நகரியில எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். நீங்க வெலை எறங்கினதும் வந்து கூட்டிக்கினு போங்க" என்று அவள் சொல்லிவிட்டாளாம். பாவாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று கேள்வி.

அது ஆனி மாசக் கடைசி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்தால் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அதனால் முன்கூட்டியே சரக்கை ரொப்பி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் பாவா வேறு ஒரு மாதமாக "எல்லாம் எறங்கும்" என்றாரா, என் மரவாடியில் நிற்க இடமில்லை. எதிர்க்கடைக் குடோனில் சிமெண்ட் மூட்டை கூரையைத் தொட்டது.

பத்து மணிக்குப் பாவா வந்தார். டீயை வாங்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"ஏறப் போவுது பாவா."

"எது?"

"எல்லாந்தான். கம்பி, சிமெண்ட், மரம். இனிமே எறங்காது. எனக்குக் குடுப்பினை இல்ல."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து வராத வார்த்தை! சிமெண்ட்காரர் ஓடிவந்தார்.

"இன்னா சொன்னாரு அண்ணாத்தே?"

"ஏறுமாம்."

"ஏறுமா? ஐயையோ, செத்தோம்! வெலை பாதாளத்துக்குப் போவப் போவுது. மழை வந்தா மூட்டையெல்லாம் கல்லாயிடுமே!"

மத்தியானத்துக்குள் அவர் விலையைக் குறைத்தார். அவர் குறைத்ததைப் பார்த்துச் செங்கல்காரர் குறைத்தார். நான் மட்டும் இளிச்சவாயனா? அவர்களைவிட அதிகமாகக் குறைத்தேன். மறுநாள் காலை ரத்தினம்மா, நகரி அண்ணனையும் ஒரு மினி லாரியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு ஏறும் ஏறும்னு சொல்லிக்கினே கீறாரு. பயமா கீது. எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துடலாம்னு வந்தேன்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஐயோ பாவம், புருஷன் பேச்சைக் கேட்டு விழப்போகிற சரக்கை வாங்குகிறாளே என்று. என் மரவாடியிலேயே நல்ல தேக்காகப் பொறுக்கி, குறைத்த விலையில் இன்னும் குறைத்து, கீலும் தாழ்ப்பாளும் இனாமாகக் கொடுத்து அனுப்பினேன். தர்மம் செய்த திருப்தியில் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

கிருத்திகை முடிந்து காவடிகள் இறங்கின. விலை ஏறியது. சும்மா ஏறவில்லை, முருகன் மலைப்படி ஏறுவதுபோல நிற்காமல் ஏறியது. எங்கேயோ இரண்டு நாடு முறைத்துக்கொண்டதாம். கப்பல் சுற்றிக்கொண்டு வருகிறதாம். நான் விற்ற சரக்கை நானே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்க வேண்டிய நிலைமை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பாவா மனையில் வாசக்கால் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். எருக்கஞ்செடியை வெட்டியிருந்தார்கள். சுவர் ஆளுயரத்தில் பாதி வந்திருந்தது. மஞ்சள் பூசி மாவிலை கட்டிய என் தேக்கு, நிறுத்துவதற்குத் தயாராகத் தரையில் கிடந்தது.

"இன்னா பாவா, இப்டி ஏமாத்திட்டீங்களே!" என்று கத்தினேன்.

"நான் இன்னா ஏமாத்தினேன் பாவா? ஏறும்னு சொன்னேன். ஏறிச்சா இல்லியா?"

குங்குமச் சிமிழோடு ரத்தினம்மா முன்னே வந்தாள்.

"நான்தான் அண்ணா சொல்லச் சொன்னேன். இவரு வாயால நீங்க மூணு மாடி கட்டிக்கினீங்க. நாங்க ஒரு வூடு கட்டிக்கக் கூடாதா?"

பாவா என் காதருகே வந்து கிசுகிசுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா நெஜமாவே எறங்கியிருக்கும் பாவா. இவதான் கேக்கல."

சண்டை போட வந்தவன் சிரித்துத் தொலைத்தேன். வாசக்காலைத் தூக்கி நிறுத்த ஒரு ஆள் குறைந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு நானே தோள் கொடுத்தேன். கூலிக்காரனாக எத்தனையோ மரம் தூக்கியிருக்கிறேன், திட்டிக்கொண்டே தூக்கிய மரம் அது ஒன்றுதான்.

தை மாதம் கிரகப்பிரவேசம். ரத்தினம்மா புது அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பாவா மட்டும் ஓரமாகக் குந்திக்கொண்டிருந்தார்.

"வூடு முடிஞ்சிடுச்சி. இனிமே காலையில நான் எங்க பாவா போறது?"

என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்: "தேக்குன்னா உப்பும் பாவா. கதவு புடிக்க ஆரம்பிச்சா வந்து சொல்லுங்க. நானே வந்து இழைச்சி உட்றேன்."

என் மரவாடித் தேக்கு பத்து ஐப்பசி மழை பார்த்தாலும் ஒரு நூல்கூட உப்பாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வெயில் கொளுத்துகிற பங்குனியிலும் வாரத்துக்கு நாலு நாள் "பாவா, கதவு புடிக்குது" என்று வந்து நிற்கிறார். நானும் கல்லாவை விட்டு எழுந்து, ஒரு பையில் இழைப்புளியைப் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறேன். போனால் ரத்தினம்மா டீ கொடுப்பாள். சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்போம். அந்த இழைப்புளியை இதுவரை ஒருநாளும் நான் பையிலிருந்து வெளியே எடுத்ததில்லை.