டிக்கியில் போன மாப்பிள்ளை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரை அன்னூருக்கு ஏற்றிக்கொண்டு போவதில்லை என்று துடியலூர் தனபால் முடிவெடுத்தார். முடிவெடுத்துவிட்டால் ஆயிற்றா? பொண்டாட்டியிடம் சொல்ல வேண்டாமா? அந்தத் தைரியம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அதனால் வாயால் சொல்லாமல் வண்டியால் சொன்னார். ஏழு பேர் உட்காரும் வண்டியை விற்றார். ரெண்டே ரெண்டு பேர் உட்காரும் வண்டியை வாங்கினார்.

குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரின் ஷெட்டில் தூங்கிக் கிடந்த சீமை ஸ்போர்ட்ஸ் கார் அது. ரத்தச் சிவப்பு. தனபாலைவிட வயதில் மூப்பு. மேலே கூரை கிடையாது. அந்த விஷயத்தில் வண்டிக்கும் தனபாலுக்கும் நல்ல பொருத்தம்.

"ஏனுங்க, இதுல அம்மாளுக்கு எடமில்லீங்களே!" என்றாள் புவனா, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து.

"அட ஆமா அம்மணி! எனக்கு அட்வான்ஸ் குடுத்தப்பறந்தான் தோணுச்சு," என்றார் தனபால், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மனசுக்குள்ளே தவில் அடித்துக்கொண்டிருந்தது.

அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. மாமியார் சென்னியம்மாள் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். வாரம் ஒருமுறை அன்னூர்த் தோட்டத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பார்த்துவிட்டுப் பேசாமல் வருவாரா? ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குவார். வரும்போது அதில் நாலு பேரை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொள்வார். அதுகூடப் பரவாயில்லை. வண்டியைத் தனபால் முன்னால் உட்கார்ந்து ஓட்டினால், அவர் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார்.

"மாப்பிள்ளை, லாரி வருதுங்க. மாப்பிள்ளை, எருமை நிக்குதுங்க. மாப்பிள்ளை, எருமை உங்களையே பாக்குதுங்க."

சிவப்பு வண்டி வந்தபின் இரண்டு ஞாயிறுகள் சொர்க்கமாகப் போயின. மூன்றாம் ஞாயிறு, புவனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவிநாசி ரோட்டில் விரட்டினார். முள் எண்பதைத் தொட்டது. பின்னாலிருந்து 'ங்ஙொய்ய்ய்ங்' என்று ஒரு சத்தம். எழுபதுக்கு இறங்கினால் நின்றது. மறுபடி எண்பது, மறுபடி ங்ஙொய்ய்ய்ங்.

"ஏனுங்க, நம்மூட்டு கிரைண்டரை எங்கியாச்சும் உள்ள வெச்சுப்போட்டீங்களா?"

"சீமை வண்டின்னா சித்தெ மொனகும், அம்மணி."

"மொனகறது நடு ரோட்டுல படுத்துக்கிச்சுன்னா? பொம்பள நான் தள்ளவா? அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள என்ன சத்தம்னு கண்டுபுடிச்சுப்போடுங்க. இல்லாட்டி வித்துப்போட்டு மறுக்கா ஏழு சீட்டு வண்டியே வாங்கிக்கலாமுங்க. அம்மாளுக்கும் ஆச்சு."

தனபால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஏழு சீட்டா? மறுபடியும் எருமையா?

சத்தம் கண்டுபிடிப்பதில் தனபால் சாமானியர் இல்லை. பீளமேட்டில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடினார் என்றால் உள்ளே எந்த பேரிங் செத்தது, எது சாகப்போகிறது என்று ஜாதகம் சொல்லிவிடுவார். மோட்டாருக்கும் அவருக்கும் இடையே ஒளிவு மறைவே கிடையாது. புவனாவுக்கும் அவருக்கும் இடையில்தான்.

வாரம் முழுக்க டெஸ்ட் செய்தார். புவனா சின்ன வெங்காயம் உரிக்க, எதிரே உட்கார்ந்து விளக்கினார்.

"எண்பதுல போறப்ப நியூட்ரல் பண்ணிப் பாத்தேன். அப்பவும் சத்தம் வருது. அப்ப இஞ்சின்ல கோளாறு இல்லை."

"ம்ம்."

"எடதும் வலதும் வளைச்சுப் பாத்தேன். சத்தம் மாறலை. அப்ப வீல் பேரிங்கும் இல்லை."

"ம்ம்."

"மிச்சம் ரெண்டுதான். முன்னாலருந்து பின் சக்கரத்துக்கு சுத்தல் கொண்டு போற ஜாயிண்ட் ராடு. இல்லாட்டி அந்த ராடு போய்ச் சேர்ற கிரவுன் பெட்டி. ரெண்டுல எதுன்னு ஓட்டறவனுக்குக் கேக்காது. ஒருத்தர் ஓட்டோணும், ஒருத்தர் டிக்கில படுத்துக் காது குடுக்கோணும்."

புவனா வெங்காயத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். "அதுக்கென்னங்க, நானே ஓட்டறனுங்க. அவிநாசி ரோட்டுல ஞாயித்துக்கெழமை கூட்டமா இருக்கும். சத்தி ரோட்டுல போலாமுங்க."

என்ன பொண்டாட்டி, என்ன அனுசரணை என்று தனபால் உருகிப்போனார். சத்தி ரோடு அன்னூர் வழியாகத்தான் போகிறது என்பது அந்த உருகலில் மறந்துபோயிற்று.

ஞாயிறு காலை. ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, பழைய போர்வையை விரித்து, தனபால் டிக்கிக்குள் காலை மடக்கிப் படுத்தார். காற்று வர மூடியைப் பாதி திறந்தபடி புவனா கயிறு போட்டுக் கட்டினாள். அந்தச் சந்து வழியே தனபால் கண்டது என்ன? இஸ்திரி போட்ட சேலை. கையில் கூடை. முகமெல்லாம் சிரிப்பு. சென்னியம்மாள்!

"அத்தை எங்க வாராங்க?"

"முன் சீட்டுலீங்க."

"எதுக்கோசரம்?"

"அன்னிக்கு சத்தம் வந்தப்ப முன்னால ரெண்டு பேரு இருந்தமில்லீங்களா? இன்னிக்கு நான் மட்டும் உக்காந்தா கனம் மாறிப்போகுமல்லங்க? டெஸ்டுன்னா ஒரு சமயத்துல ஒண்ணத்தான் மாத்தோணும்னு பட்டறைப் பசங்களை நீங்கதானுங்க திட்டுவீங்க."

தனபால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அது அவர் போட்ட சட்டம். மீறுவது எப்படி?

வண்டி கிளம்பியது. தனபாலின் தலை மட்டும் சந்தில் தெரிந்தது. சரவணம்பட்டி சிக்னலில் பக்கத்துத் தெரு அருள்குமார் பைக்கை ஒட்டி நிறுத்தினார்.

"அண்ணா! டிக்கில என்னங்ணா பண்றீங்க?"

"சத்தம் கேக்கறேன், தம்பி."

"ஊட்டுல கேக்கறது பத்தலீங்களாண்ணா?"

பச்சை விழுந்தது. தனபால் பிழைத்தார்.

ஊர் தாண்டியதும் புவனா மிதித்தாள். "மாப்பிள்ளை, பின்னால லாரி வருதுங்க!" என்று சென்னியம்மாள் திரும்பிப் பார்த்துக் கத்தினார். லாரியின் முகமும் தனபாலின் முகமும் அப்போது ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"எண்பதுங்க!" என்றாள் புவனா.

தனபால் ஸ்க்ரூடிரைவரை டிக்கித் தரையில் ஊன்றிக் காதைக் கொடுத்தார். கிரவுன் பெட்டி குழந்தை போலத் தூங்கியது. ராடு? அதுவும் கம்மென்று இருந்தது. எண்பத்தைந்து. தொண்ணூறு. ங்ஙொய் என்றுகூட வரவில்லை. எங்கே போயிற்று? தனபால் கண்ணை மூடி யோசித்தார். சட்டென்று பொறி தட்டியது. அவ்வளவுதான், மாமியார், லாரி, அருள்குமார் எல்லாம் மறந்துபோயிற்று.

"நிறுத்து! நிறுத்து புவனா! கண்டுபுடிச்சுப்போட்டேன்!"

கோவில்பாளையம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. தனபால் டிக்கிக்குள் இருந்தபடியே முழங்கினார்.

"ஜாயிண்ட் ராடுதான்! வண்டியோட பொறத்தாண்டப் பக்கம் தூக்கி நிக்குது. அதுனால ராடு கோணையாச் சுத்துது, சத்தம் போடுது. பின்னால கனம் ஏறுனா வண்டி அமுங்கி, ராடு நேராயிருது. சத்தம் கப்சிப்! வண்டிய விக்க வேண்டியதே இல்லை அம்மணி. கோணைய எடுக்கற வரைக்கும் டிக்கில ஒரு ஆள் கனம் இருந்தாப் போதும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஏழு சீட்டு வண்டியில் அவருக்கென்று ஒரு சீட்டாவது இருந்தது.

"மாப்பிள்ளைக்கு மூளைன்னா மூளைதானுங்க!" என்றார் சென்னியம்மாள். "போன வெசாழக்கெழமையே புவனாளும் இதையேதான் சொன்னா."

"வெசாழக்கெழமையா?"

"நீங்க வண்டிய ஊட்டுல உட்டுப்போட்டுப் பட்டறைக்குப் போயிட்டீங்க," என்றாள் புவனா, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தபடி. "நானும் அம்மாளும் இதுலதான் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தமுங்க. போறப்ப ஒரே கத்தல். வாரப்ப டிக்கில தேங்கா மூட்டை ஏத்துனமா, கம்முனு வந்துச்சுங்க."

தனபால் டிக்கிச் சந்தில் தலையை நீட்டினார். "தெரிஞ்சிருந்துமா? அப்ப ஒரு மூட்டையத் தூக்கி வெச்சிருக்கலாமல்ல? என்னைய எதுக்குப் புள்ள டிக்கில போட்டே?"

புவனா கியரைப் போட்டாள்.

"மூட்டைன்னா எறக்கறதுக்கு ஆள் தேடோணுமுங்க. நீங்கன்னா நீங்களே எறங்கிக்குவீங்க."