மேட்டில் இறங்கிய மாஸ்டர்

கால்களை அகட்டி அகட்டி வைத்து, சங்கராபுரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. இடது முழங்காலுக்குக் கீழே முட்டை அளவுக்கு வீக்கம். கள்ளக்குறிச்சியில் எனக்குக் கிடைத்த வாத்தியார் உத்தியோகம் இருபது நிமிடம் நீடித்தது. (எட்டாவதோடு நின்றவனுக்கு அதுவே அதிகம்.)

வேலையை வாங்கித் தந்தது என் கெண்டைக்கால். மூன்று வருடம் சைக்கிளில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களில் விற்றவன் நான். சைக்கிள் திருடு போனது, வியாபாரமும் கூடவே போனது. பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்த நாட்களில், டீக்கடையில் என் காலையே ஒருவர் உற்றுப் பார்த்தார். புதிதாக ஜிம் திறந்திருந்த ராஜவேல்.

“இன்னாயா, காலு கருங்கல்லு மாதிரி இருக்குது? எந்த ஜிம்மு?”

“வெள்ளிமலை ரோடுங்க.”

அவர் ஜிம்மில் பதினோரு சைக்கிள்கள் இருந்தன, ஒன்று மாஸ்டருக்கு. எதுவும் நகராது. முதல் வகுப்பு இலவசம். வருகிற பத்துப் பேரும் தொடர்ந்து சேர்ந்துவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம், மாடியில் ஃபேன் வைத்த அறையும் உண்டு. அந்த அறையில் என் பையை வைத்துவிட்டு, ஃபேனை ஒரு தடவை போட்டும் பார்த்துவிட்டேன்.

“இந்தத் திருக இறுக்குனா சதைக்குப் பாரம். அத எதுத்து மிதிச்சாத்தான் தொடையும் கெண்டையும் கெட்டியாவும். நின்னு மிதிச்சா பின்பக்கம், இடுப்பு எல்லாத்துக்கும் பலம். சும்மா சுத்துனா மூச்சுதான் வாங்கும்,” என்றார் ராஜவேல். “மலை ஏறுற மாதிரி கதை சொல்லு. மேடு வந்தா திருகச் சொல்லு. ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ: நீ நிறுத்துனாலும் பெடல் நிக்காது.”

கடைசி வாக்கியத்தின்போது நான் ஃபேனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஆறு மணிக்கு ஜவுளிக்கடை ரபீக் பாய், பள்ளிக்கூட டீச்சர் மல்லிகா என்று பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். கண்ணை மூடச் சொன்னேன், நானும் மூடிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டினோம். காட்டைக் காட்டினேன், குரங்கைக் காட்டினேன். மல்லிகா டீச்சர் “ஐயோ குரங்கா!” என்று வேகமாக மிதித்தார். முதல் மேட்டில் திருகை இறுக்கினோம், எழுந்து நின்று மிதித்தோம். “தொட பிச்சிக்குது மாஸ்டர்,” என்று பாய் முனகினார். “அதாங்க பலம்,” என்றேன். பத்துப் பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்புறம் ஓர் இறக்கம். திருகைத் தளர்த்திப் பறந்தோம். எதிரே அந்தப் பெரிய வளைவு, செங்குத்தான மேடு. மூன்று வருடம் அங்கே நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். உடம்பு என்னைக் கேட்கவில்லை.

“எறங்கித் தள்ளுங்க!” என்று கத்தியபடி இடப்பக்கம் குதித்தேன்.

சுற்றிக்கொண்டே இருந்த பெடல் என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி அடித்தது. இறங்கச் சொன்னவர் மாஸ்டர் அல்லவா? ஏழு பேர் என்னை நம்பி இறங்கினார்கள். ஏழு பெடல்களும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தன.

ரபீக் பாய் தரையில் உட்கார்ந்து கேட்டார்: “எங்க மாஸ்டர் தள்றது? செவுத்துக்குள்ளயா?”

ராஜவேல் மாடிக்குப் போய் என் பையை எடுத்துவந்து கையில் கொடுத்தார். இறங்காத மூன்று பேர் மட்டும் சேர்ந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றைக்கும் என் மனைவிக்குச் சேலை எடுக்கப் போனால், பாய் கடையின் படியில் நின்று, “மேடு வருது, வூட்டுக்காரர எறக்கி வுட்டுடு தாயி,” என்பார். அவள் வீட்டுக்கு வரும்வரை சிரிப்பாள்.

வேலை போன மறுநாள் காலை மூங்கில்துறைப்பட்டு அருகே கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி முன்னால் நின்றேன்.

“கடசியா இன்னா வேல செஞ்சிக்கினு இருந்த?”

“வாத்தியாருங்க.”

“இன்னா சொல்லிக் குடுத்த?”

“சைக்கிள் மிதிக்கங்க. பெரியவங்களுக்கு.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க. நான் சொல்லிக் குடுத்தப்பறம்தான் நொண்டுனாங்க.”

மேஸ்திரி ஓர் அரிவாளை நீட்டினார். “வெட்டு. யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்காத.”