எழுதியவர்: சுரண்டை முத்துராமலிங்கம்

"ஏளா ஜாஹிரா, கேளு, எப்படி எழுதியிருக்காருன்னு" என்று மசூது இடியாப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு செல்போனைக் கையில் எடுத்தார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

வாட்ஸ்அப்பில் வந்த கட்டுரை அது. சவூதியிலிருந்து மூன்று வருஷம் கழித்து லீவில் வந்த கணவன் பெட்டியைத் திறக்கிறான். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் மனைவிக்கு மிச்சம் ஒரு சென்ட் பாட்டில். அதையும் அவன் தங்கை கேட்க, 'குடுத்துரு, உனக்கு அடுத்த தடவ' என்கிறான். கட்டுரைக்கு அடியில் கொட்டை எழுத்தில், 'எழுதியவர்: சுரண்டை முத்துராமலிங்கம்'.

"இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?" என்று கேட்டார் மசூது. ஜாஹிரா பீவி சட்னி எடுக்க அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அந்த மடையன் மசூதுதான். எழுதியவள் ஜாஹிரா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் இணைய இதழில் புனைபெயரில் இருபது கட்டுரைகள் எழுதினாள். இதழ் மூடிப்போனது. கட்டுரைகள் மட்டும் யார் யார் பேரிலோ ஊர் சுற்றுகின்றன.

குற்றாலத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் ஷிஃபாவுக்கு மட்டுமே விஷயம் தெரியும். எல்லாவற்றையும் சொந்தப் பேரில் பேஸ்புக்கில் மறுபடி போடச் சொல்லி நச்சரித்தாள். ஜாஹிராவுக்கும் ஆசைதான். தனியாகக் கிடந்த வருஷங்களில் அவளுக்கென்று இருந்தது அந்த எழுத்து ஒன்றுதான். ஆனால் சென்ட் பாட்டில் வெளியே வந்தால் மசூது நொந்துபோவார். ஊரோடு வந்தபின் காலை டீயை அவர்தான் போட்டுத் தருகிறார். ஆகவே அதை விட்டுவிட்டு மற்ற பத்தொன்பதையும் போடுவதென்று முடிவாயிற்று. கைவசம் பிரதி இல்லாததால், திருடியவர்களிடமிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

முதலில், சாரல் காலத்தில் துணி காயவைக்கப் படும் பாட்டைப் பற்றிய கட்டுரை. ஒரு மணி நேரத்தில் ஒருவர் வந்து, இது முத்துராமலிங்கம் ஐயா எழுதியது, திருடாதீர்கள் என்று எழுதினார். அதற்கு அறுபது பேர் சிரித்து வைத்தார்கள்.

ஆதாரத்துக்குப் பழைய மின்னஞ்சலைத் திறக்கலாம் என்றாள் ஷிஃபா. ஓடிபி ஜாஹிராவின் பழைய எண்ணுக்குப் போனது. அந்த எண் இப்போது புளியங்குடியில் ஓர் எலுமிச்சை கமிஷன் கடைக்காரரிடம் இருந்தது. அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஷிஃபா பதிவையும் அனுப்பிப் பேசினாள். அவர் ஓடிபி தரவில்லை. நேரே பதிவுக்கு வந்து, இது ஓடிபி கேட்கும் கும்பல், உஷார் என்று போட்டுவிட்டுப் போனார். திருட்டுப் பட்டத்தோடு மோசடிப் பட்டமும் சேர்ந்துகொண்டது.

மிச்சமிருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. ஷிஃபாவின் மூன்றாம் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில், தேதி போட்டு ஜாஹிரா கைப்பட எழுதியது. பாழாய்ப்போன அதுவும் சென்ட் பாட்டில் கட்டுரைதான்.

"இதப் போடுங்க உம்மா, ஒரு பய வாய் தொறக்க மாட்டான்" என்றாள் ஷிஃபா.

ஜாஹிரா இரண்டு நாள் யோசித்துப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் தன் எழுத்து தனதில்லை என்றாகிவிடும். பேசினால் மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த சென்ட் பாட்டிலை வாங்கிப்போன நாத்தனார் ஹைருன் பீவிக்கும் மனசு சங்கடப்படுமே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நோட்டோடு மேலகரத்துக்கு பஸ் ஏறினாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதப் போட்டா உங்கண்ணன் தாங்குவாரா, ஹைருன்?" என்று கேட்டு ஜாஹிரா நோட்டை நீட்டினாள்.

ஹைருன் பீவி நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மைனி, அண்ணன் போன மாசமே இங்கன வந்து எனக்கு அத வாசிச்சுக் காட்டியாச்சு. 'இந்த மடையன் நாந்தாம்ட்டி. தான் எழுதுனதுன்னு அவ வாயால ஒரு தடவ சொல்லிர மாட்டாளான்னுதான் திரும்பத் திரும்ப வாசிக்கேன்'னு ஒரே பொலம்பல்."