கழுத்துக்கு மேலே துபாய்

வளைகுடாவுக்கு வந்த தமிழர்களிலேயே சட்டத்துக்கு அதிகமாகக் கட்டுப்பட்டு நடந்த மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் கழுத்தண்ணன் என்று சொல்வேன். ரோட்டில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பார். மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இத்தனைக்கும் அவருடைய பக்கத் தொழில், உடுப்பில்லாத ஆண் பெண் படங்களை வரைந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பது.

பயப்படாதீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் அப்போதே பயந்து முடித்துவிட்டேன்.

துபாயில் அல் குசைஸ் பக்கம் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். நான் லாண்டரியில் இஸ்திரி போடுபவன். எனக்கு மேல் கட்டில் செல்வம், புதுக்கோட்டைக்காரன், டிரைவர், வாய்த்துடுக்கு. எதிர்க் கட்டிலில்தான் அண்ணன். சாத்தூர்ப் பக்கம். அல் கூஸில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. நீங்கள் துபாய் ரோட்டில் இறால் படம் போட்ட வேனைப் பார்த்திருந்தால், அந்த இறாலின் மீசை நேராக இருந்தால், அது அண்ணன் ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்பில், அதுதான் அந்தப் பலகைக் கம்ப்யூட்டரில், வரைவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கட்டில், தலையணை, மேலே ஃபேன், ஜன்னலில் காயும் துண்டு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. தலையணை மேல் ஓர் ஆண் தலை, ஒரு பெண் தலை. கட்டிலின் இந்தக் கோடியில் நான்கு பாதங்கள். நடுவில் ஒன்றுமில்லை. அரபிக்கடல் மாதிரி வெறும் வெள்ளை.

"என்னண்ணே, நடுவுல காணோம்?"

"அது ஊர்ல வரும் தம்பி."

பிறகு நிதானமாக விளக்கினார். "இந்த ஊர்ல இந்த மாதிரிப் படம் வரையக் கூடாது. சட்டம். நான் வரைய மாட்டேன். ஆனா தலை வரையலாம்ல? பாதம் வரையலாம்ல? அத இங்க வரைவேன். மிச்சத்த லீவுக்குப் போயி வரைவேன்."

வெறும் தலைக்கு எத்தனை வருடம் ஜெயில் என்று யாரிடம் போய்க் கேட்பது? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சட்டம் தெரியாதவனுக்கு எல்லாமே சட்டமாகத்தான் தெரியும். செல்வத்துக்கோ கொண்டாட்டம்.

"அண்ணே, காது துபாயா இந்தியாவா?"

"காது துபாய்தான்."

"தோள்பட்டை?"

அண்ணன் இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் தோளையே ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "தோள்பட்டை பார்டர்டா. ரிஸ்க் எடுக்க வேணாம், ஊர்லயே பாத்துக்கலாம்."

துபாய் கழுத்தோடு முடிந்தது; அன்றிலிருந்துதான் அவர் கழுத்தண்ணன். சொந்தப் பெயர் எமிரேட்ஸ் ஐடியில் மட்டும் இருந்தது.

வருடம் ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதத்தில் வருடம் முழுக்கச் சேர்ந்த தலைகளுக்கெல்லாம் உடம்பு வரைந்து, முடித்த படங்களை ஊர்க் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு, டேப்பைத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டு ஏறுவார். வாங்கியவர்களுக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பு. அக்கா என்றால் அண்ணனின் மனைவி. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. போனில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது கேட்டிருக்கிறேன். "போன தடவ வரஞ்சதுல அந்தாளு கை எதுக்குத் துடுப்பு மாதிரி இருக்கு?" என்பார். அண்ணன் பம்மிக்கொண்டு, "மாத்திர்றேன் மாத்திர்றேன்" என்பார்.

படத்தில் இருப்பவர்கள் யார் தெரியுமா? எல்லோரும் கல்யாணமான, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்காரர்கள். தொப்பை, வழுக்கை, காதோரம் நரை. வெளிநாட்டில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஜெர்மனியில் ஒருவர் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். கனடாவில் ஓர் அம்மாள் மட்டும், நடுவில் வெள்ளையாக விட்ட படமே பிரமாதம், மிச்சத்தை வரையாதீர்கள் என்று எழுதிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் டேப்பைத் தொடவில்லை. "எனக்கு ஒடம்பு வரையத் தெரியாதுன்னு நெனச்சிட்டா தம்பி."

வாங்க ஆள் இருந்தது. காசு ஒழுங்காக வர வழிதான் இல்லை.

அந்த வருடம்தான் விசா புதுப்பிக்கும் வருடம். கம்பெனி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் அல் கூஸில் இறால் ஒட்ட வேண்டும். போடாவிட்டால் கேன்சல் அடித்துவிட்டு ஒரேயடியாக ஊர். அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "காசு ஒழுங்கா வர்றதுக்கு ஒரு வழி பண்ணுங்க, வந்து இங்க ஒக்காந்து வரைங்க. இல்லயா, கையெழுத்துப் போட்டுட்டுப் பேசாம இருங்க. ரெண்டுங்கெட்டானா நிக்காதீங்க." அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை கடைசி நாள்.

அண்ணன் வழி தேட ஆரம்பித்தார். கார்டில் பணம் வாங்கித் தரும் கம்பெனிகள் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அக்கா பெயரில் விண்ணப்பம் போடுவார். ஆங்கிலத்தில் அடிப்பது செல்வம். எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் என்ன விற்கிறீர்கள்?

"எழுதுடா," என்பார் அண்ணன். "கல்யாணமான நடுத்தர வயசு ஆம்பள, பொம்பள. உடுப்பில்லாம, சந்தோசமா இருக்கிற படம்."

"அண்ணே, வாழ்த்து அட்டைன்னு போட்ருங்கண்ணே," என்று நான் கெஞ்சுவேன்.

"வாழ்த்து அட்டைன்னு போட்டு, எவனாவது பொங்கலுக்கு ஆர்டர் பண்ணிட்டான்னா?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானேண்ணே!"

"பொய் சொன்னா எனக்குக் கை நடுங்கும் தம்பி."

இது கதை இல்லை. ஒருமுறை ஃபோர்மேனிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒருநாள் லீவு போட்டார். மறுநாள் ஒட்டிய வேனில் மீன் எல்லாம் தலைகீழாகச் சாய்ந்து, ஷேக் ஜாயித் ரோட்டில் குதிக்கப்போவது போல இருந்தது. கடைக்காரர் ஸ்டிக்கரைக் கிழித்து மறுபடி ஒட்டச் சொன்னார். அதிலிருந்து அண்ணனுக்குக் காய்ச்சலே வந்தாலும் வேலைக்குப் போய்விடுவார்.

முதல் கம்பெனி உண்மையைப் படித்த வேகத்தில் கதவைச் சாத்தியது. அவர்கள் அனுப்பிய பதிலைச் செல்வம் போனில் மொழிபெயர்ப்பில் போட்டான். அது தமிழில் சொன்னது: 'தங்கள் தொழில் எங்கள் அபாயப் பசிக்கு வெளியே உள்ளது.'

அறையில் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

"இவனுக்குப் பசிக்கலன்னா எனக்கு ஏன் சோறு போட மாட்டேங்கிறான்?" என்றார் அண்ணன்.

இரண்டாவது கம்பெனி சேர்த்துக்கொண்டது. சந்தோஷத்தில் அறைக்கே சிக்கன் வாங்கினார். யாரோ ஒரு படத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. கணக்கை மூடி, உள்ளே இருந்த பணத்தையும் ஆறு மாதம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது கம்பெனி பதிலே போடவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயம். பதில் போடாதவன் வேறு யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"அண்ணே, தலைய மட்டும் வித்துருங்கண்ணே," என்றேன். "கனடாம்மாவுக்கே அதுதானே பிடிச்சிருக்கு? எந்தக் கம்பெனிக்காரனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"தலைய மட்டும் வித்தா அது பாஸ்போர்ட் போட்டோடா."

அப்போதுதான் ஜெர்மன்காரர் எழுதினார்: கம்பெனியே வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் மூலம் உங்கள் பெயருக்கு நேராக அனுப்புகிறேன், இது நடந்தால் மற்றவர்களும் அப்படியே அனுப்புவோம். நாங்கள் எல்லோரும் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் அதே எக்ஸ்சேஞ்ச்தான். அங்கே பணம் அனுப்பித்தான் எங்களுக்குப் பழக்கம். வாங்க வரிசையில் நின்ற முதல் ஆள் எங்கள் அறையில் அண்ணன்தான். துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். போலீஸ் பிடித்தால் அறைக்குத் தகவல் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

கவுண்டரில் தமிழ்ப் பெண். சிரித்த முகம்.

"ஜெர்மனிலருந்து வந்திருக்குண்ணா. அனுப்புனவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"கஸ்டமர்மா."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வியாபாரப் பணம்னா லைசென்ஸ் கேப்பாங்கண்ணா. ஃப்ரெண்டா அவரு?"

நான் அண்ணன் காலை மிதித்தேன்.

"நான் அவரப் பாத்ததே இல்லையேம்மா," என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி கால மிதிக்கிற?"

"சரி, எதுக்கு அனுப்பிருக்காரு?"

"படம் வரைஞ்சதுக்கு."

"என்ன படம்?"

அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக அவள் பக்கம் தள்ளினார். பின்னால் வரிசையில் நின்ற பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவரும் எக்கிப் பார்த்தார்.

இரண்டு தலை, நான்கு பாதம், நடுவில் அரபிக்கடல்.

"இவங்க உடம்பு எங்கண்ணா?"

"லீவுல வரும்மா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் டேப்பைத் திருப்பிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தில் பெண் தலை ஆண் தலையைப் பார்த்து ஏதோ சொல்வது போல இருக்கும்.

"இந்தக்கா என்ன சொல்றாங்க?"

"கரன்ட் பில்லு கட்டியாச்சான்னு கேக்குறா."

"இப்பவா?"

"வேற எப்பம்மா கேக்க? புருசன் பொண்டாட்டி ஒரே வீட்ல இருந்தா அப்படித்தான். எல்லாப் பேச்சும் எல்லா நேரத்துலயும் வரும்."

அந்தப் பெண் டேப்பை மெதுவாகத் தள்ளினாள். "என் வீட்டுக்காரரு குவைத்ல இருக்காருண்ணா," என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, "சாரிண்ணா, இத ரிட்டர்ன் போட்டுத்தான் ஆகணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அறைக்குத் திரும்பியதும் அண்ணன் நடந்ததை அப்படியே சொன்னார். அன்றைக்குச் செல்வம்கூடக் கிண்டல் செய்யவில்லை. டேப்பை வாங்கி ஒவ்வொரு தலையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, இதுங்க எல்லாம் பேசிக்கிட்டே இருக்குதுங்கண்ணே," என்றான்.

வியாழனுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லாதபோது செல்வம்தான் ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தான். ஐரோப்பாவில் ஏதோ தீவு. இந்த மாதிரிப் படக்காரர்களுக்கென்றே நடத்துகிறார்களாம். வருவதில் பெரிய துண்டை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தையும் சும்மா விட மாட்டார்கள், கொஞ்ச நாள் பிடித்து வைத்துத்தான் தருவார்கள். ஆனால் அங்கே உண்மைதான் கேட்டார்கள். அண்ணனுக்கு அது போதும். அவர்கள் ஒரு வரி கேட்டால் இவர் ஒரு பக்கம் சொன்னார்.

படத்தில் உள்ளவர்கள் வயது வந்தவர்களா என்று கேட்டிருந்தார்கள். "எழுதுடா. இவருக்கு அம்பத்திரண்டு. அந்தம்மாவுக்கு நாப்பத்தேழு. பெரிய பையன் பாலிடெக்னிக். இந்த ஜோடிக்குப் பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருச்சு. அந்த வழுக்கைக்காரருக்குச் சர்க்கரை."

"சர்க்கரையெல்லாம் கேக்கலண்ணே."

"கேட்டா சொல்ல வேண்டி வரும்ல, போடு."

படத்துக்கு நின்றவர்களின் அடையாள அட்டையும் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று அடுத்த நாள் எழுதினார்கள். அண்ணன் சொல்லச் சொல்லச் செல்வம் அடித்தான்: 'இவர்கள் என் மனதில் இருப்பவர்கள். அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை. சம்மதம் இருக்கிறது.'

செவ்வாய்க்கிழமை ஓகே என்று பதில் வந்தது. நான் பள்ளிவாசல் பக்கம், கோயில் பக்கம், சர்ச் பக்கம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன். வியாழக்கிழமை காலையில், டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், இன்னொரு மெயில் வந்தது. தங்கள் கணக்கு மறு ஆய்வில் உள்ளது, எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல இயலாது.

கம்பெனிக் காகிதம் கட்டிலில் இருந்தது. பேனாவை நான்தான் எடுத்து நீட்டினேன்.

"போட்ருங்கண்ணே. ரெண்டு வருசம்தானே. அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்கும். இத நம்பிப் போயி, இவனும் மூடிட்டான்னா?"

"மூடுவான் தம்பி," என்றார் அண்ணன், இறாலுக்கு மீசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "மூடுனா வேற ஒருத்தனத் தேடணும். அவனும் மூடுவான். இத்தன நாளா இங்க ஒக்காந்து தேடுனேன். இனிமே அங்க ஒக்காந்து தேடுறேன்."

கையெழுத்துப் போடாமலே காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஃபோர்மேன், "கியா பாய், கலாஸ்?" என்று கேட்டாராம். "கலாஸ்," முடிந்தது, என்றாராம் இவர். கை நடுங்கவில்லை என்று செல்வம் சொன்னான், அவன்தான் அன்றைக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டவன்.

அண்ணன் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தீவுக் கம்பெனி கணக்கைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நடுவில் வேறு இரண்டு வந்து போயின. ஒரு மாதம் பணம் வருகிறது, ஒரு மாதம் மெயில் மட்டும் வருகிறது. அந்த மாதங்களில் சாத்தூரில் ஆட்டோக்களுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறாராம். அவருக்குக் கவலை இல்லை. இங்கே லாண்டரியில் துணி தேய்த்துக்கொண்டு நான்தான் கவலைப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, கணக்கு இருக்கிறதா என்று கேட்பேன். போன வாரமும் கூப்பிட்டேன். அக்கா எடுத்தார். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"நல்லாருக்கீங்களா தம்பி? அவரு மாடியில வரைஞ்சிட்டு இருக்காரு. இருங்க, கூப்பிடுறேன்."

"வேணாங்க்கா," என்றேன். "வரையட்டும்."